குன்னூர் மலையில் ஒரு சிறிய ஆய்வறை



கோடை விடுமுறையில் உதகைக்குச் சென்று வந்தவர்களில் பலர், வழியில் குன்னூரில் இறங்கிச் சிம்ஸ் பூங்காவைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். அப்பூங்காவுக்கு அருகிலேயே பழமையான கட்டடங்கள் நிறைந்த ஒரு வளாகம் இருப்பதைக் கவனித்தீர்களா? பாஸ்டர் நிறுவனம் என்பது அதன் பெயர். 'நாய்க்கடிக்கு மருந்து செய்யும் இடம்' என்று வண்டியோட்டி சொல்லியிருப்பார். நீங்களும் கேட்டுக்கொண்டு, தேயிலையும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருப்பீர்கள்.

அந்த வளாகத்தில் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சிக்கும், பெண்களின் கருப்பையில் தோன்றும் கொடிய புற்றுநோய் ஒன்று இன்று பெரும்பாலும் முற்றிலுமாகக் குணமாவதற்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? அந்தத் தொடர்பைச் சொல்லுவதற்காகவே இக்கட்டுரை. அதைச் சொல்லும்போது, நாம் கொடுக்கும் நன்கொடைகளைப் பற்றியும் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சில வாரங்களில் ஓர் அறிவிப்பு வரும். இன்ன தெருவில் உள்ள ஒரு சகோதரிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். சிகிச்சைக்கு இவ்வளவு தேவைப்படுகிறது. இயன்றவர்கள் உதவுங்கள் என்பார்கள். வாசலில் விரித்த துண்டில் நோட்டுகள் விழும். நம் சமுதாயம் இதில் குறை வைத்ததில்லை. ஆனால் அந்தச் சகோதரியின் நோய் ஏன் முற்றிய பிறகே தெரிந்தது, முன்னரே அறிய வழி ஏன் இல்லை, அந்த வழியைத் தேடுகிறவர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை. எதிரே நிற்கும் நோயாளியின் முகம் நமக்குத் தெரிகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் நோயாளிக்காக இன்று கண்ணாடிக் குழாயோடு அமர்ந்திருப்பவரின் முகம் தெரிவதில்லை.

ஒரு மரணமும் ஒரு நன்கொடையும்

1902-ஆம் ஆண்டு லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அக்காலத்தில் அதற்குரிய சிகிச்சை தென்னாட்டில் கிடையாது. இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்குத்தான் போகவேண்டும். இரயிலில் அவ்வளவு தூரம் போவதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிடும். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை அந்த மரணத்தால் வலுவடைந்தது.

அதே சமயம், ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்க எஃகு வணிகச் செல்வர், இந்திய மக்களின் நலனுக்குப் பயன்படுத்துமாறு வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்திருந்தார். அதன் பெரும்பகுதி பீகாரில் பூசா என்ற இடத்தில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைக்கச் சென்றது. ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. 1907-இல் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. இந்தப் பணம் எந்த ஒரு நோயாளியின் பெயருக்கும் எழுதப்பட்டதன்று என்பதை நினைவில் வையுங்கள்.

1918-இல் அந்த வளாகத்தில் ஒரே ஓர் அறை, ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவருக்குக் கொடுக்கப்பட்டது. 'பெரிபெரி' நோயைப் பற்றி ஆராய்வது அவர் வேலை. தவிடு நீக்கிய வெள்ளை அரிசியையே உண்டு வாழ்ந்தவர்களின் நரம்பும் இதயமும் சோர்ந்து போகும் நோய் அது. அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளைத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம் சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு உண்ட எலிகள் நோஞ்சானாயின. (நமக்குச் சற்று வருத்தந்தான்; ஆனால் எலிகளுக்கு மாகாண அபிமானம் கிடையாது!)

இத்தகைய ஆய்வுக்கும் சோதனை வந்தது. 1920-களின் தொடக்கத்தில் அரசாங்கம் சிக்கனம் என்ற பெயரில் இந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டது. உடனடிப் பலன் கண்ணுக்குத் தெரியாத செலவைத்தானே எவரும் முதலில் வெட்டுவர்! 1925-இல் அது மீண்டும் உயிர்பெற்றது. 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்கிவருவது அந்த ஓர் அறையின் தொடர்ச்சியே.

பம்பாய்த் தாய்மார்களும் குன்னூர் எலிகளும்

இனிதான் நம் கதை தொடங்குகிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய் வந்து சேர்ந்தார். பேறுகாலத்தில் தாய்மார்கள் ஏன் இவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்று கண்டறிய, இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் நடத்திய விசாரணையில் பணியாற்றவே அவர் அழைக்கப்பட்டார். 1911-இல் தோன்றிய அச்சங்கந்தான் 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாறியது.

பம்பாயில் கர்ப்பிணிகள் பலர் கடுமையான இரத்தசோகையால் வெளிறி, மூச்சு வாங்கி, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இறந்துகொண்டிருந்தனர். வில்ஸ் அம்மையார் பல வகுப்புப் பெண்களின் அன்றாட உணவை விசாரித்துப் பட்டியலிட்டார். அவர் கண்டது நம்மைச் சுடும் உண்மை: மிகவும் சத்துக் குறைந்த உணவை உண்டவர்களும், இந்நோய்க்கு மிகுதியாக ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் தம் ஆராய்ச்சியைக் குன்னூருக்குக் கொண்டுவந்தார். மெக்கரிசனின் எலிகள் இங்கே இருந்தன அல்லவா? பம்பாயின் ஏழைத் தாய்மார்கள் உண்ட உணவைப் போன்ற உணவு எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கருவுற்ற எலிகள் இரத்தசோகை கண்டு, குட்டி போடுமுன்பே மடிந்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது அவை பிழைத்தன.

வெற்றி என்று கொட்டு முழக்கலாமா? இல்லை! அந்த எலிகளிடம் பேன் மூலம் பரவிய ஒரு தொற்றும் இருந்ததென்றும், அதனால் முடிவுகள் கலங்கியிருக்கலாமென்றும் பின்னர் தெரியவந்தது. அம்மையார் மனந்தளரவில்லை, குரங்குகளிடம் அதே சோதனையை மீண்டும் செய்தார். நோயுற்ற குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் கருநிறப் பசை அது. இலங்கைக்குப் போய்வந்தவர்கள் ரொட்டியில் தடவி உண்டிருப்பீர்கள். குரங்கு வியக்கத்தக்க விதத்தில் தேறியது. தாய்மார்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினர். 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இச்செய்தி வெளியாயிற்று.

அந்த 1931-இன் தொடக்கத்தில் அவர் சென்னையிலும் பணியாற்றினார். எங்கே தெரியுமா? நம் பாட்டிமார் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று அழைத்த, இன்று அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் அதே இடத்தில்தான். அந்நிய ஆடவர் முன் வர விரும்பாத பெண்களுக்காக மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் 1885-இல் தொடங்கியது அது.

ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள் எது என்று வில்ஸ் அம்மையாருக்குத் தெரியாது. பெயர் தெரியாத அதை மற்றவர்கள் 'வில்ஸ் காரணி' என்றனர். 1941-இல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு கொடுக்கப்படும் மாத்திரையில் இருப்பது அதுவே.

உயிர் தருவதே நோயைக் கொன்றது

புற்றுநோய் எங்கே வருகிறது என்று கேட்கிறீர்களா? அதற்குச் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரை நாம் சந்திக்க வேண்டும். எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். அவருடைய சகோதரர் இருவர் சில நாட்கள் இடைவெளியில், 'ஸ்புரூ' என்னும் குடல் நோயால் இறந்தனர். உணவின் சத்து உடலில் ஒட்டாமல், ஃபோலிக் அமிலக் குறைவும் சேர்ந்து உருக்கும் நோய் அது. சுப்பாராவ் 1920-களில் அமெரிக்கா சென்றார். பயணத்துக்கான பணம் அவருடைய மாமனாராலும், காக்கிநாடாவின் ஓர் அறநிலையம் தந்த உறுதியாலுமே கிடைத்தது. அந்த அறநிலையத்தார் எதற்கு உதவுகிறோம் என்று முழுதும் அறிந்திருக்க முடியுமா?

லெடர்லி நிறுவனத்தில் சுப்பாராவின் வழிகாட்டலில் இயங்கிய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் தணியவில்லை, விரைந்ததுபோலத் தோன்றியது. சிட்னி ஃபார்பர் என்ற பாஸ்டன் மருத்துவர் இதைத் தலைகீழாக நினைத்துப் பார்த்தார். புற்றணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டுமானால், அதைத் தடுத்தால் என்ன? பூட்டுக்குள் நுழைந்தும் திறவாமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவியைப் போல, ஃபோலிக் அமிலத்தின் உருவில் ஆனால் அதன் வேலையைச் செய்யாத பொருள்களைச் சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட முடிவுகளின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதமே சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். அவர் விட்டுச்சென்ற மருந்துகளில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட்.

கருவோடு வளரும் நச்சுக்கொடியின் திசுக்கள், குழந்தை உருவாகாமலே திராட்சைக் குலைபோல் பெருகுவதுண்டு. நம் தாய்மார்கள் இதை 'முத்துப்பிள்ளை' என்பர். அரிதாகச் சிலருக்கு அது கோரியோகார்சினோமா என்ற புற்றாக மாறி, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும். அப்படிப் பரவிய பெண்கள் அக்காலத்தில் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டியதில்லை. இளம் பெண்கள்! பெரும்பாலும் கைக்குழந்தையோடு இருப்பவர்கள்!

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராய் ஹெர்ட்ஸ் என்பவர், கோழிக்குஞ்சின் சினைக்குழாய் வளர ஃபோலிக் அமிலம் தேவை என்று முன்பே கண்டிருந்தார். கோழிக்குஞ்சைப் பற்றிய அந்த அறிவு வீண்போகவில்லை. அவரும் மின் சியூ லீ என்ற சீன மருத்துவரும் மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தனர், கட்டிகள் கரைந்தன. 1956-இல் முடிவுகள் வெளிவந்தன. பரவிய கட்டிப் புற்றுநோய் ஒன்றை மருந்தால் மட்டுமே குணப்படுத்த முடியும் என்பது உலகுக்கு முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான்.

லீ இன்னொன்றையும் வற்புறுத்தினார். கட்டி மறைந்தாலும், இரத்தத்திலும் சிறுநீரிலும் கர்ப்பகால ஹார்மோன் இருக்கும்வரை நோய் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஆகவே அது முற்றிலும் மறையும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது என்றார். மேலதிகாரிகள் இதை வீணாக நச்சு ஏற்றுவதாகக் கருதினர். அவர் அந்நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் சொன்னபடி மருந்து பெற்ற பெண்களே பிழைத்தனர் என்பது பின்னர் புலனாயிற்று. 1972-இல் லீயும் ஹெர்ட்ஸும் லாஸ்கர் விருது பெற்றோரில் இருந்தனர். இன்று இந்நோய் கண்ட பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

குன்னூரில் எலிக்கு உணவளித்தவருக்கோ, அதற்குப் பணம் கொடுத்தவருக்கோ இது தெரியுமா? வில்ஸ் அம்மையார் புற்றுநோயைத் தேடவேயில்லை.

எஞ்சி நிற்கும் நோய்கள்

எல்லாப் பெண் புற்றுநோய்களும் இவ்வாறு பணிந்துவிடவில்லை. சினைப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு உப்புசம், சிறிது உண்டதுமே நிறைந்துவிட்டது போன்ற உணர்வு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவையே அதன் அறிகுறிகள். எந்தப் பெண் இதற்காக மருத்துவரிடம் ஓடுவாள்? 'வாயு' என்று பெருங்காயம் கரைத்துக் குடிப்பாள். நோய் வெளிப்படும்போது பெரும்பாலோருக்கு அது வயிற்றறை முழுதும் பரவியிருக்கும். பிரிட்டனில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அதனால் மரணங்கள் குறையவில்லை என்றே 2021-இல் வெளிவந்த முடிவு கூறியது. பொதுமக்கள் அனைவருக்கும் செய்யத்தக்க முன்பரிசோதனை இந்நோய்க்கு இன்றுவரை இல்லை.

ஆயினும் அடிப்படை ஆய்வு சும்மா இருக்கவில்லை. இந்நோயின் மிகக் கொடிய வகை பல சமயம் சினைப்பையில் தோன்றுவதேயில்லை. அருகிலுள்ள கருக்குழாயின் நுனியில் தோன்றி அங்கே பரவுகிறது என்பது 2001-க்குப் பின் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் குறை உள்ள புற்றணுக்களை மட்டும் குறிவைத்து அழிக்கலாம் என்பது 2005-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. 2014-இல் அது ஒலாபரிப் என்ற மருந்தாக நோயாளியின் கைக்கு வந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள். இந்த வேகமே அபூர்வம் என்பர்.

நம் மாநிலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்பரிசோதனை 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. பெரிய கருவி எதுவுமில்லை. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று பயிற்சி பெற்ற நர்சு பார்ப்பார். நம் சமையலறைக் காடியில் உள்ள அதே அமிலம்! பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களையும், வழக்கமான கவனிப்பில் இருந்த 30,958 பெண்களையும் ஒப்பிட்டபோது, அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோய் தோன்றுவது 25 விழுக்காடும், இதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007-இல் லான்செட் இதழ் இதை உலகுக்குச் சொன்னது. பணம்? அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்தது.

ஃபிப்ஸ் அன்று, கேட்ஸ் பின்பு. நம் மண்ணில், நம் பெண்களின் உடலைப் பற்றி நடந்த ஆய்வுகளுக்குக் கடல் கடந்த செல்வர்களின் பணம் வேண்டியிருந்தது. நன்றி சொல்ல வேண்டிய செய்திதான். வெட்கப்பட வேண்டிய செய்தியும்கூட என்பது என் எண்ணம்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. தொராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவர் நினைவாக 1932-இல் நிறுவப்பட்ட லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை, தன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கை உலகெங்கும் அந்நோயை ஆராய்பவர்களுக்கென ஒதுக்கியது. நோய்க்குக் காரணமே தெரியாத காலம் அது. இன்னும் பின்னே போனால், வக்ஃபுச் சொத்துகளால் இயங்கிய கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனையைக் காண்கிறோம். சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டியது. இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றி வருவதை முதன்முதலில் எழுதிய இப்னுந் நஃபீஸ், 1288-இல் இறக்கும்போது தம் வீட்டையும் நூல்களையும் அந்த மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

இதைப் படித்துவிட்டு, நோயாளிக்குக் கொடுப்பதைக் குறைத்து ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பதைத் திருமறையே வகுத்துவிட்டது. அதில் கை வைக்க வேண்டாம். நான் கேட்பது ஸதக்காவையும் வக்ஃபையும் பற்றி. நம் பெரிய ஊர்களில் கல்வி அறக்கட்டளைகள் பல இருக்கின்றன. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த மாணவிக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். படம் எடுத்துப் போடுகிறார்கள். அதே மாணவி நான்கு ஆண்டு கழித்து, 'நோய்க்குறியியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன். மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை வேண்டும். முடிவு என்ன வரும் என்று சொல்ல முடியாது' என்று வந்து நின்றால் என்ன பதில் கிடைக்கும்? எலிகளிடம் பேன் இருந்ததைப் போல, அவளுடைய முதல் ஆய்வு பிழையாகப் போனால் இரண்டாவதற்குக் கொடுப்பார்களா?

சகோதரிகளுக்கும் ஒரு சொல். முத்துப்பிள்ளை என்று சொல்லிக் கருப்பையைச் சுத்தம் செய்துவிட்டால், 'தொல்லை விட்டது' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஹார்மோன் அளவு முற்றிலும் இறங்கும்வரை மருத்துவர் சொல்லும் நாட்களில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அவர் அனுமதிக்கும்வரை அடுத்த கருவைத் தள்ளிப்போட வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருமகளிடம் சொல்லக் கூச்சமென்றால் மகளிடம் சொல்லுங்கள். மகள் இல்லாதவர்கள் பெண் மருத்துவரிடம் நேரே போங்கள். வயிற்று உப்புசம் மூன்று வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் பெருங்காயத்தை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறக்கட்டளைகளை நடத்தும் பெரியவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த பொதுக்குழுவில் வரவுசெலவுப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மருத்துவ உதவி என்ற தலைப்புக்குக் கீழே மருத்துவ ஆராய்ச்சி என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால், முதல் ஆண்டு எவ்வளவு சிறிய தொகையானாலும் சரி, அந்த வரியை எழுதிவைக்கலாம் அல்லவா?